போகியன்று கொடுத்த வேட்டி

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடத்து வேலிக்கு வெளியேதான் இருந்தேன். ஆனாலும் அந்த நாளில் பூந்தமல்லியில் இறங்கி என் வண்டிப்பேட்டை எங்கே என்று யாரைக் கேட்டாலும் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவார்கள். ஒற்றை மாட்டோடு உப்பு ஏற்றத் தொடங்கியவன் நான். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு இருமி இருமிப் போனபோது, என் மாடுகள் வைக்கோலைத் தின்றுவிட்டு நிமிர்ந்து நடந்தன. ஆவடியில் பட்டாளத்து முகாம் எழும்பியதே, அதற்குச் செங்கல் போனதும் சுண்ணாம்பு போனதும் என் வண்டிகளில்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. யாரும் தூக்கிவிடாமல் மேலே வந்தவனுக்கு, அவனேதான் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊரில் ஒரு சேவா சங்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அரிசி மண்டியின் மாடியில் கூடுவோம். வக்கீல் ஒருவர் காரியதரிசி. டாக்டர், தலைமை வாத்தியார், மண்டிக்காரர்கள் என்று எல்லாரும் நாற்காலியில் உட்காரும் மனிதர்கள். அவர்களோடு சரியாசனத்தில் உட்கார்ந்த வண்டிக்காரன் நான் ஒருவன்தான். சித்திரை வெயிலில் டிரங்க் ரோட்டில் தண்ணீர்ப் பந்தல் போடுவோம். காலரா வந்தால் கிணறுகளுக்கு மருந்து போடுவோம். எழுந்திருக்க முடியாத நோயாளியைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். தீபாவளிக்கு ஏழைகளுக்கு எண்ணெயும் சீயக்காயும், பொங்கலுக்குத் துணி. தீர்மானம் போடுவது அவர்கள். கொண்டுவந்து இறக்குவது நான். நான் இல்லையென்றால் அந்தச் சங்கத்தின் தர்மமெல்லாம் மாடியை விட்டு இறங்கியிருக்காது.

நான் சொல்லப்போகும் பொங்கல் துணிப்பஞ்சக் காலத்தில் வந்தது. நூலுக்குக் கட்டுப்பாடு, துணிக்குக் கட்டுப்பாடு. கடைக்காரன் முகத்தைப் பார்க்காமலே இல்லை என்பான். தைரியமாகத் துணி கொடுப்பதாகச் சொல்லிவிட்டோமே, இந்த வருஷம் பேர் கெட்டுப்போகும் என்று மாடியில் எல்லாரும் கையைப் பிசைந்தார்கள். குன்றத்தூர் நெசவாளர் தெருவில் எனக்குப் பழக்கம் உண்டு. அவர்களுடைய பாவு நூலையும் தறிச் சாமானையும் வருஷக்கணக்காக என் வண்டிதான் ஏற்றியது. நேரே போய் உட்கார்ந்தேன். முரட்டு நூல்தான், ஆனாலும் முழு அளவு வேட்டி, சிவப்புக் கரை போட்டு நெய்து கொடுத்தார்கள். அந்தப் பஞ்சத்தில் அப்படி ஒரு மூட்டையை எங்கள் தாலூகாவில் வேறு எவனும் கொண்டுவந்திருக்க முடியாது.

விழாவுக்கு வரச் சம்மதித்த பெரிய அதிகாரி, பொங்கலுக்குத் தம் சொந்த ஊருக்குப் போகிறவர். போகியன்று காலையில்தான் வர முடியும் என்று சொல்லி அனுப்பினார். அதனால் போகியன்றே கொடுப்பது என்று முடிவானது. காரியதரிசிக்கு அதில் இன்னொரு யோசனை பிறந்தது. போகியில் பழையதை எரிக்கிறோம். ஏழைகளும் தங்கள் கந்தலைத் தீயில் போட்டுவிட்டுப் புதுத்துணி கட்டிக்கொண்டு போகட்டும். பார்ப்பதற்கு அழகாக இருக்கும், கொடுத்த துணியை விற்றுவிட்டார்கள் என்ற பேச்சும் வராது. எல்லாரும் கைதட்டினோம். எங்கள் சங்கத்து உதவித் தலைவர் ஒரு மிராசுதார். பாரிவாக்கம் பக்கம் அவருக்கு நிலம். அவர் ஒருவர்தான் அந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை, விழாவுக்கும் வரவில்லை. களத்தில் நெல் அடிப்பு நடந்துகொண்டிருந்தது. வராவிட்டாலும் விழாவுக்கு அரிசி மூட்டை அனுப்பியிருந்தார்.

எந்த ஊரில் யாருக்கு இல்லை என்பதை ஆளுக்கு ஆள் சொன்னோம். நான் அந்த மிராசுதாருடைய பண்ணையாள் ஒருவனைச் சொன்னேன். அவரை ஆண்டை என்றுதான் அவன் சொல்வான். கோடையில் என் மாடுகளுக்கு வைக்கோல் எடுக்கப் போகும்போதெல்லாம் அவன்தான் பாரம் ஏற்றுவான். அவன் ஏற்றிய வண்டி எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் ஒரு பிரி வைக்கோல் சரியாது. அதிகம் பேசமாட்டான். இடுப்பில் ஒரு துணிதான் அவனுக்கு. அது என்ன நிறம் என்று சொல்ல முடியாது.

போகி காலையில் மண்டி வாசலில் தீ மூட்டினோம். என் வண்டித் தார்பாயை இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டி மறைவு செய்தேன். ஒருவன் அதிகாரி கையால் வேட்டி வாங்கிக்கொண்டு மறைவுக்குப் போவான். புதுசைக் கட்டிக்கொண்டு பழசை வெளியே எறிவான். தொண்டர் ஒருவர் அதைக் கழியால் எடுத்துத் தீயில் போடுவார். நான் சொன்ன பண்ணையாளின் முறை வந்தது. புதுசைக் கட்டிக்கொண்டு வந்தான். பழசைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தான்.

“அதைப் போடுப்பா தீயில” என்றார் காரியதரிசி.

“இது இருக்கட்டும் சாமி. மாட்டுப் பொங்கலுக்கு ஆண்டே ஊட்டுக்குப் போவணும்.”

“புதுசைக் கட்டிண்டே போயேன். உங்க ஆண்டை பார்த்துச் சந்தோஷப்படுவார்.”

“அது இல்ல சாமி. பழசோடதான் போவணும்.”

கூட்டத்தில் இருந்த மண்டி ஆள் ஒருவன், “டேய், மாப்ளே கணக்கா போய் நில்லுடா. ஆண்டையே பொண்ணு குடுப்பாரு” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். தொண்டர் அந்தச் சுருட்டலைக் கழியால் இழுத்தார். அவன் கை விடவில்லை, பிறகு விட்டது. ஈரப்பிசுக்குத் துணி, உடனே பிடிக்காமல் கொஞ்ச நேரம் புகைந்தது. பிறகு எரிந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அடுத்தவனுக்கு வழி விடச் சொல்லி யாரோ தோளைத் தொட்டபின் நகர்ந்தான்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை நான் பேட்டையில் மாடுகளுக்குக் கொம்புச் சாயம் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பண்ணையாளின் மனைவி வந்து வாசலிலேயே நின்றாள். இடுப்பில் ஒரு கைப்பிள்ளை.

“நைனா, நீங்க குடுத்த வேட்டி எங்க சோத்துல மண்ண போட்டுட்ச்சி.”

“இன்னாம்மா சொல்றே? நெதானமா சொல்லு.”

“எங்க ஊர்ல மாட்டுப் பொங்கலுக்கு ஆண்டே கையால வேட்டி வாங்கி, அவரு எதிர்லயே கட்டிக்கணும். கட்டிக்கினா இந்த வருசமும் அவரு ஆளு, அவரு மனையில குடியிருக்கலாம்னு அர்த்தம். வேற கை வேட்டி கட்டிகினு போனா, வேற ஆண்டைய தேடிக்கினான்னு அர்த்தம்.”

“வேற துணி கட்டிகினு போறதுதானே?”

“இருந்தது ஒண்ணு. அதத்தான் கொளுத்திட்டீங்களே.”

“பக்கத்து ஊட்ல கேக்கக் கூடாதா?”

“நல்லா கேட்டே நைனா. அவனவன் இடுப்புல கீறதுதான் அவனவனுக்கு. பண்டிக நாளும் அதுவுமா உருவிக் குடுத்துட்டு அம்மணமா நிப்பானா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது போலத்தான் இருந்தது. ஆனால் முகம் அதற்குள் கோணிக்கொண்டது. மிச்சத்தை அவள் சொல்லச் சொல்ல எனக்கு விஷயம் புரிந்தது. அவன் பொங்கலன்று பூராவும் யோசித்திருக்கிறான். மறுநாள் விடியும் முன் குளத்தில் இறங்கி, புது வேட்டியைச் சேற்றில் போட்டு மிதித்து, பழசுபோல் ஆக்கிக் காயவைத்துக் கட்டிக்கொண்டு போயிருக்கிறான். வேட்டி அழுக்கானது, கரை அழுக்காகவில்லை. குன்றத்தூர்ச் சாயம், அது லேசில் மங்காது.

“ஆண்டே பாத்துட்டாரு. புதுத்துணிய சேத்துல முக்கி என் கண்ண கட்டப் பாக்கறியா, எந்த ஆவடிக்காரன் குடுத்தான்னாரு. சங்கத்துல குடுத்தாங்க ஆண்டேன்னு இது சொல்ச்சி. சங்கத்துல குடுத்தா சங்கத்துலயே போய் ஏர் ஓட்டுன்னுட்டாரு. மாசி பொறக்கறதுக்குள்ள மனைய வுட்டுப் போயிடணுமாம்.”

அந்த வருஷம் முகாம் வேலைக்குக் கூலி கூடுதல் என்று பண்ணையாட்கள் ஒருவர் பின் ஒருவராக ஆவடிக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். மிராசுதார்களுக்கு அதில் எரிச்சல். இவன் அந்த எரிச்சலுக்கு நடுவில் போய் நின்றிருக்கிறான். ஆனால் எங்கள் உதவித் தலைவர்தானே, சங்கத்து அரிசி மூட்டையே அவர் கொடுத்ததுதானே, ஒரு பேச்சில் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

“இவ்ளோதானே. நான் ஒருத்தன் கீறேன். இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள முடிச்சிட்றேன். நீ ஊட்டுக்குப் போய் ஒலை வையி” என்றேன்.

“நீ சொன்னா சரி நைனா” என்று போய்விட்டாள்.

காரியதரிசி வீட்டுக்கு நேரே போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சட்டப் புத்தகமெல்லாம் படித்தவர். ஆனால் வீட்டுக்குப் பக்கத்து ஊரில் இப்படி ஒரு வழக்கம் இருப்பது அவருக்குத் தெரியாது. ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கும்தான் தெரியாது. நாங்கள் டவுன்காரர்கள். வேட்டி என்றால் வேட்டி.

“கோர்ட்டுக்குப் போகலாமா சார்?” என்று கேட்டேன்.

“போகலாம். அந்த மனை மிராசுதாருடையதா, சேரிக்குப் பொதுவான்னு வாதாடலாம். தீர்ப்பு வர்றதுக்குள்ளே அவன் பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிடும். அதுவரைக்கும் அவன் எங்கே குடியிருப்பான்?” பிறகு சொன்னார்: “அதோடு, அவர் என் கட்சிக்காரர்.”

என் வில்வண்டியில் இருவரும் போனோம். மிராசுதார் வாசலுக்கே வந்து வரவேற்றார். மோர் வந்தது, கரும்பு வந்தது. சங்கத்து விழா எப்படி நடந்தது, அதிகாரி என்ன சொன்னார் என்றெல்லாம் விசாரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. கோபப்படவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

“தர்மம் பண்றீங்க. நல்லா பண்ணுங்க. நானும் கூடத்தான் குடுக்கறேன். ஆனா என் ஆளுக்குப் பண்ணும்போது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணுமா இல்லியா?”

“சொல்லியிருக்கணும். தப்பு எங்களுது. அவன் இன்னா பண்ணுவான்? வேணும்னா அவன வந்து உங்க கால்ல உழச் சொல்றேன்” என்றேன்.

“அவன் நேத்தே உழுந்துட்டான்.”

காரியதரிசி சட்டத்தை விட்டுவிட்டுத் தர்மத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். மிராசுதார் பொறுமையாகக் கேட்டார். பிறகு கையை விரித்தார்.

“சார், இன்னிக்கி இவனை உட்டா, வர்ற வருசம் ஒவ்வொருத்தனும் ஒவ்வொருத்தன் குடுத்த வேட்டிய கட்டிகினு வந்து என் வாசல்ல நிப்பான். எவன் என் ஆளு, எவன் ஆவடி ஆளுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? அத உடுங்க. அவனுக்குன்னு எடுத்து வச்ச வேட்டிய நேத்தே வேற ஒருத்தனுக்குக் குடுத்துட்டேன். அவனும் பொண்டாட்டி புள்ளக்காரன். மாசியில அந்த மனைக்கு வர்றான். ஒரு மனைக்கு ரெண்டு பேருக்குத் துணி குடுக்க முடியுமா? அவன்கிட்ட போய் வேட்டிய அவிழ்த்துக் குடுன்னு சொல்லட்டா? சொல்லுங்க பேட்டைக்காரரே, நீங்க நாலும் தெரிஞ்சவரு.”

எந்தப் பேட்டையிலும் எந்தச் சந்தையிலும் வாய் கொடுத்துத் தோற்காதவன் நான். அன்று மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் வில்வண்டியைப் பூட்டினேன்.

திரும்பும் வழியில் காரியதரிசி வரப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஊர் எல்லைக்கு வந்தபிறகு, “அடுத்த வருஷம் புடவையாக் கொடுத்துடலாமோ?” என்றார். நான் மாட்டை அதட்டினேன்.

அவன் சாயங்காலம் பேட்டைக்கு வந்தான். நான் வாயைத் திறக்கும் முன்பே என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டான். வண்டிச் சக்கரத்தில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் பெயர்த்தான்.

“நைனா, அந்தப் பழசு முச்சூடும் எரிஞ்சிட்ச்சா?”

“எதுக்குக் கேக்கறே?”

“ஒரு கிழிசல் ஆப்ட்டாகூட போதும். ஆண்டேகிட்ட காட்டுவேன். பாருங்க, கட்டிகினு வரத்தான் இருந்தேன், புடுங்கிட்டாங்கன்னு.”

அந்தச் சாம்பலை அன்றைக்கே எருக்குழிக்கு வாரிக்கொண்டு போய்விட்டார்கள். அதைச் சொன்னேன். தலையை ஆட்டினான்.

அவனை நான் அப்படியே விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பேட்டைக்குப் பின்னால் எனக்குக் காலி இடம் இருந்தது. குடிசை போட்டுக்கொள், பாரம் ஏற்றுகிற வேலை பார், கூலி நான் தருகிறேன் என்று சொன்னேன். அவள் அன்றைக்கே மூங்கில் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். மறுநாள் என் வண்டிக்காரர்கள் கூடிவந்தார்கள்.

“அண்ணாத்தே, ஒன் பேச்ச நாங்க தட்டனதில்ல. ஆனா சேரிக்காரன் பேட்டைக்குள்ள குடியிருந்தா, கெணத்துல கை வைப்பானா மாட்டானா? எங்க ஊட்டுப் பொம்பளைங்க அந்தத் தண்ணியத்தான் மொண்டுகினு போறாங்க.”

“இது என் எடம்டா” என்றேன்.

“எடம் ஒன்னுது. மாடு எங்களுது. அவுத்துகினு போறோம்.”

அவர்களில் பாதிப்பேர் சொந்த மாட்டோடு என்னிடம் ஓட்டியவர்கள். முகாமுக்குச் செங்கல் பாக்கி இருந்தது. அதோடு தெருக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதில் ஒருவர் எங்கள் சங்கத்து ஆள். போகியன்று தீக்குப் பக்கத்தில் நின்று கைதட்டியவர்.

பேட்டையில் அவனுக்கு இடமில்லை என்றாகிவிட்டது. பிறகு மண்ணூர்பேட்டை வரைக்கும் ஒவ்வொரு ஊராக அவனுக்கு மனை கேட்டுப்பார்த்தேன். எனக்கு எல்லா ஊரிலும் ஆள் உண்டு. ஆள் இருந்து என்ன, எந்த ஊரிலும் மனை என்பது யாராவது ஒருவர் கைக்குள்தான் இருந்தது. ஒரு மிராசுதார் கழித்த ஆளை இன்னொருவர் சேர்ப்பதில்லை. அது அவர்களுக்குள் இருக்கிற மரியாதை. ஏன் கழித்தார் என்று கேட்பார்கள். வேட்டிக்காக என்றால் நம்பமாட்டார்கள். நெல் திருடியிருப்பான் என்பார்கள். சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவன் மேல் திருட்டுப் பேரே ஏறிவிட்டது.

சங்கத்தில் விஷயத்தை எடுத்தேன். மாடியில் எல்லாரும் வருத்தப்பட்டார்கள். உண்மையாகவே வருத்தப்பட்டார்கள், அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் உதவித் தலைவர் மேல் தீர்மானம் போட முடியுமா? போட்டால் அடுத்த கோடையில் தண்ணீர்ப் பந்தல் அவர் தோப்பு நிழலில்தானே போட வேண்டும்? பேச்சு அங்கே போய் நின்று, பிறகு மோர்ப் பந்தலா தண்ணீர்ப் பந்தலா என்று திரும்பிவிட்டது.

மாசிக்கு முன்னால் அவன் குடிசையைப் பிரித்தான். கூரையில் இருந்த பனஞ்சட்டங்கள் ஆண்டை மரத்தில் வெட்டியவை என்று கணக்குப்பிள்ளை வந்து சொன்னான். அவற்றைச் சுவரோரம் அடுக்கி வைத்துவிட்டான். ஓலையை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். உளுத்துப்போன ஓலை, எடுத்து என்ன செய்வது? நான் வண்டி கொண்டுபோயிருந்தேன். நானே ஓட்டினேன். ஏற்ற வேண்டியது ஒரு அம்மிக்கல், இரண்டு பானை, கால் கட்டிய ஒரு பெட்டைக்கோழி, பிள்ளைகள். புதுசாக மனைக்கு வருகிறவன் கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் இடுப்பில் ஆண்டை வேட்டி. எங்களைப் பார்க்கவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றான். அம்மிக்கல்லைத் தூக்கும்போது அவனே ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தான்.

ஆவடிக்குத்தான் போனோம். வேறு எங்கே போவது? முகாம் வாசலில் ஆள் எடுக்கிற மேஸ்திரி என்னைப் பார்த்ததும் சலாம் வைத்தான். என் சரக்கு இறங்கிக்கொண்டிருந்த இடம் அல்லவா. என் ஆள் என்று சொன்னேன், உடனே சேர்த்துக்கொண்டான். எனக்கு அந்த ஒரு நிமிஷம் மனம் லேசானது.

“ஆம்பள மட்டும் உள்ள வரட்டும் நைனா. கொட்டாய்ல படுத்துக்கலாம். பொம்பள, புள்ளைங்களுக்கு உள்ள எடம் கிடையாது. பட்டாளத்து ஆர்டரு.”

“அவங்க எங்க இருப்பாங்க?”

“தோ, அல்லாரும் அங்கதான் கீறாங்க” என்று ரோட்டோரத்தைக் காட்டினான். புளியமரங்களுக்கு அடியில் ஊர் ஊராக வந்தவர்கள் கந்தலைக் கட்டித் தொங்கவிட்டுப் புழுதியில் உட்கார்ந்திருந்தார்கள். லாரி போகும்போதெல்லாம் அத்தனை பேரும் மறைந்து, பிறகு தெரிந்தார்கள். அவன் உள்ளே போனான். போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அதற்குள் பின்னால் வந்த கூட்டம் தள்ளிவிட்டது.

“வண்டியிலயே உக்காரும்மா. வேற எங்கனா பாக்கலாம்” என்றேன்.

“எங்க நைனா?”

நான் யோசித்தேன். அந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியாத பாதை கிடையாது. ஒவ்வொரு பாதையும் போய் முடிகிற இடத்தையும் மனத்துக்குள் பார்த்தேன். அவள் எனக்காகக் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு தானே இறங்கி, பானைகளை இறக்கி, அம்மிக்கல்லைப் புரட்டித் தள்ளினாள்.

“மாடு வெயில்ல நிக்குது. நீ கெளம்பு” என்றாள்.

அடுத்த நடை செங்கல் ஏற்றிக்கொண்டு போனபோது, அந்த மரத்தடியில் வேறு ஒரு குடும்பம் உலை வைத்திருந்தது. முன்னே இங்கே கைப்பிள்ளையோடு ஒருத்தி இருந்தாளே, எங்கே என்று கேட்டேன். மேஸ்திரியைக் கேட்டேன். தான் பெயர் எழுதிச் சேர்த்த ஆட்களில் பலர் வேறு வேலைக்கு லாரியில் ஏற்றப்பட்டுவிட்டார்கள் என்றான். எந்த ஊருக்கு என்று அவனுக்குத் தெரியாது. மரத்தடிக்குத் திரும்பி வந்து மறுபடியும் கேட்டேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்த கிழவன் புகையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னான்:

“தெரியாது நைனா. நாங்க நேத்துதான் வந்தோம்.”